செத்தவருக்காக ஓடினால் என்ன வரும்?

கேள்வி, 2025 மார்ச் 2

போன கிழமை மட்டும் முகநூலில மூன்று நினைவு ஓட்ட அறிவித்தல் பார்த்தேன். ஒரே மாதிரி ரீசேட், ஒரே மாதிரிப் பதாகை, நடுவில செத்தவரின் படம். ரீசேட்டுக்கு இவ்வளவு, மேடைக்கு இவ்வளவு, ஒலிபெருக்கிக்கு இவ்வளவு என்று போனால் மிச்சம் என்ன வரும்? அந்தக் காசை நேரே ஆஸ்பத்திரிக்குக் குடுத்தால் என்ன? ஓடினால் செத்தவர் எழும்பி வருவாரா? எங்கட ஊரில திவசம் இருக்கு, அன்னதானம் இருக்கு. வெள்ளைக்காரன்ர பழக்கம் எங்களுக்கு எதுக்கு? மட்டக்களப்பில யாராவது செய்து கணக்குக் காட்டியிருந்தால் சொல்லுங்க.

மார்ச் 2, இரவு

கணக்குக் காட்ட நான் தயார். ஆனால் எங்கள் ஓட்டம் இன்னும் நடக்கவில்லை, ஆடி மாதம்தான். போன ஆடியில் அப்பா போனார். வாய்ப் புற்றுநோய், வயது 61. காந்தி பூங்காவில் தொடங்கி பார் வீதியால் பாலமீன்மடு வெளிச்சவீடு வரை, ஐந்து கிலோமீற்றர் அளவு வரும். ஓடலாம், நடக்கலாம், ஏலாதவர் பின்னால் ஓட்டோவில் வரலாம். முடிந்ததும் கணக்கை இதே இடத்தில் போடுகிறேன். அதுவரை திட்டுகிறவர்கள் திட்டலாம்.

மார்ச் 3

"நேரே ஆஸ்பத்திரிக்கு" என்ற கதைக்கு மட்டும் இப்போதே பதில்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. கட்டில், சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை எல்லாம் இலவசம். காசு போகிற வழி வேறு. மட்டக்களப்பிலும் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது, ஆனால் எங்களை அனுப்பியது கொழும்புப் பக்கம் மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு. ஆறு கிழமை கதிர். நோயாளிக்குக் கட்டில் உண்டு, கூட நிற்கிறவருக்குக் கட்டில் இல்லை. நானும் தம்பியும் மாறி மாறி நின்றோம், பக்கத்தில் ஒரு வீட்டில் நாலு பேர் படுக்கிற அறையில் ஒரு பாய் இடத்துக்கு நாள் வாடகை. பிறகு அப்பாவால் சோறு விழுங்க முடியாமல் போனதும் மாப் பேணி. மூக்குக் குழாயால் விடுகிற அந்த மாவின் விலையை முதல் தரம் கேட்டபோது இரண்டு பேணிக்கான விலை என்று நினைத்தேன்.

அடுத்த கட்டிலில் பொத்துவில் பக்கத்து ஆள் ஒருவர் இருந்தார். பாதிக் கதிரோடு ஆளைக் காணவில்லை. விதைப்புத் தொடங்கிவிட்டது என்று போய்விட்டாராம். வயல் உள்ளவனுக்கு ஐப்பசியில் மகரகமவில் படுத்துக் கிடப்பது எப்படி இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் அந்த ஆளைக் குறை சொல்லவில்லை.

ஆகவே நாங்கள் சேர்க்கப்போவது பஸ் காசும் பாய்க் காசும் மாப் பேணியும். அதை ஆஸ்பத்திரிக்குக் குடுக்க ஏலாது, ஆளுக்குத்தான் குடுக்கலாம்.

மார்ச் 9

"வெள்ளைக்காரன்ர பழக்கம்." இதையே நேற்று எங்கள் மாமாவும் சொன்னார், அம்மாவின் தம்பி. முற்றத்தில் கதிரையைப் போட்டு, வாயில் வெற்றிலையோடு.

நான் கேட்டேன், "அப்ப கதிர்காமத்துக்கு நடந்து போறது என்ன பழக்கம் மாமா?"

"அது நேர்த்தி."

"இதுவும் ஒரு நேர்த்தி எண்டு வைச்சுக்கொள்ளுங்களன்."

"நேர்த்திக்கு ரீசேட் போடுறயாடா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அம்மா உள்ளேயிருந்து சொன்னார்: "மனே, பாதயாத்திரைக்குப் போற வழியில தண்ணீர்ப் பந்தல் போடுறாங்களே, அதில செத்த ஆக்களின்ர பேர்தானே தொங்குது." அது சரிதான். அப்பா இரண்டு தரம் உகந்தை வழியால் காட்டுக்குள் இறங்கி நடந்தவர். உகந்தை முருகனடியில் தங்கி, குமண, யால காடு கடந்து போகிற அந்த வழியில் எத்தனையோ பேரின் பெயர் தாங்கிய பந்தல்களில் மோர் குடித்திருக்கிறார். நடக்கிறவன் ஒருவன், தண்ணீர் குடுக்கிறவன் ஒருவன், பெயர் செத்தவருக்கு. எங்களுக்கு இது புதிசு இல்லை.

சரி, நவீன கதைக்கும் வருவோம். 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நாட்டின் கீழ் முனையில் இருந்து மேல் முனைக்கு நடந்து தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்குக் காசு சேர்த்தார்கள். 2016இல் மற்றப் பக்கமாக, பருத்தித்துறையில் இருந்து கீழே நடந்து காலி கராப்பிட்டிய வைத்தியசாலைக்கு. அதில் நடந்தவர்களில் எத்தனையோ பேர் எங்களைப் போல் செருப்பும் சாரமும்தான். வெள்ளைக்காரனில் கேட்டால், கனடாவில் டெரி ஃபொக்ஸ் என்ற பெடியன் 1980இல் ஒற்றைக் காலோடு நாடு முழுக்க ஓடி முடித்தான்.

மார்ச் 10

திருத்தம். ஸ்காபரோவில் இருக்கிற மச்சாள் விடிய ஐந்து மணிக்குப் போன் எடுத்துத் திட்டினாள். அவள் ஒவ்வொரு செப்டெம்பரும் அந்த ஓட்டத்தில் பிள்ளைகளோடு போகிறவள். டெரி ஃபொக்ஸ் ஓடி முடிக்கவில்லை. 1980 ஏப்ரல் 12இல் தொடங்கி 143 நாள், 5,373 கிலோமீற்றர். செப்டெம்பர் 1ஆம் திகதி தண்டர் பே என்ற ஊருக்குக் கிட்ட நின்றுவிட்டான். எலும்பில் வந்த புற்றுநோய் நுரையீரலுக்குப் போயிருந்தது. அடுத்த வருஷம் ஜூனில் செத்தான், வயது 22. அந்த வருஷ செப்டெம்பரில்தான் முதல் நினைவு ஓட்டம்.

மச்சாள் இன்னொன்றும் சொன்னாள். அந்த ஓட்டத்தில் போட்டி இல்லை, முதலாம் இரண்டாம் இடம் இல்லை, கம்பனிக்காரன் பெயரும் இல்லை. எனக்கு அது பிடித்தது. நாங்களும் வெற்றிக் கிண்ணம் வாங்கவில்லை. கிண்ணத்துக்கு ஒதுக்கின காசு மிச்சம். (மேலே கேட்டவர் இதைக் குறித்துக்கொள்ளவும்.)

மார்ச் 22

இன்றைக்கு அப்பாவைப் பற்றி எழுதப்போகிறேன். ஓட்டம் வேண்டாதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

நாங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கம், வாவிக்கு மேற்கே படுவான்கரை ஆக்கள். அப்பாவுக்கு வட்டையில் நாலு ஏக்கர். விடிய எழும்பித் தேத்தண்ணி, பிறகு ஒரு வாய் வெற்றிலை. வயல் காவல் குடிசைக்கு, வாடிக்கு, போய்ச் சேர்ந்ததும் ஒரு வாய். வரம்பு கட்டும்போது ஒரு வாய். இரவுக் காவலுக்கு நித்திரை வராமல் இருக்க ஒரு வாய், அதுதான் பெரியது, புகையிலையோடு. வீட்டில் வெற்றிலைக்குப் பித்தளை வட்டா, வெளியே போனால் மடியில் கொட்டைப் பெட்டி. பாக்கை வெட்டுகிற சத்தத்தை வைத்தே அவர் எந்த மனநிலையில் இருக்கிறார் என்று அம்மா சொல்லுவார்.

2022இல் ஒருநாள் சாப்பாட்டில் உறைப்புக் கூடிப்போச்சு என்றார். அம்மா அடுத்த நாள் தூளைக் குறைத்தார். அதுவும் கூட என்றார். சாமான் விலை தலைக்கு மேல் ஏறிக் கிடந்த காலம், கடைக்காரன் தூளில் என்னத்தையோ கலக்கிறான் என்று நாங்கள் கடையை மாற்றினோம். பிறகு அம்மா மிளகாய் வாங்கி வறுத்து வீட்டிலேயே இடித்தார். அதற்கும் "என்ன கா, நெருப்பை அள்ளிப் போட்டிருக்காய்" என்று அப்பா கோப்பையைத் தள்ளினார். கடைசியில் எங்கள் வீட்டு ஆணம் முழுக்க வெள்ளையாகப் போனது. சொதி, பால் ஆணம், சொதி. நானும் தம்பியும் வெளியில் போய்க் கொத்து சாப்பிட்டோம்.

ஏறக்குறைய ஒரு வருஷம் ஒரு வீடே அவர் வாய்க்காகச் சமைத்தது. ஒருவரும் அந்த வாய்க்குள் பார்க்கவில்லை.

பிறகு சோற்று உருண்டை சின்னதாகியது. மாம்பழத்தைக் கடிக்காமல் கத்தியால் வெட்டித் தரச் சொன்னார். கொட்டாவி விடும்போது பாதியில் நிற்கும். பல்லுக் கொதி என்று ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் காட்டினோம். வாய் கொப்புளிக்கிற மருந்து தந்தார்கள், நாலு மாதம் கொப்புளித்தார். அங்கே வெற்றிலை போடுகிறவரா என்று கேட்கக்கூட இல்லை. பல்லைப் பார்த்தாலே தெரியும்தானே.

கன்னத்துக்குள் புண்ணைக் கண்டது தம்பியின் மகள், நாலு வயது. மூத்தப்பாவின் மடியில் இருந்து வாய்க்குள் எட்டிப் பார்த்து "உள்ளுக்குப் பூ இருக்கு" என்றாள்.

மார்ச் 23

நேற்று எழுதியதை வாசித்த தம்பி, புண்ணைக் கண்டது மகள் இல்லை, தன் மனைவி என்கிறான். மகள் சொன்னது அதற்குப் பிறகாம். இருக்கலாம். எனக்கு ஞாபகம் அந்தப் பூதான்.

ஏப்ரல் 6

அனுமதி வேலை. பொலிசுக்கு ஒரு கடிதம், மாநகர சபைக்கு ஒன்று, அம்புலன்சுக்கு ஒன்று. கடிதம் எழுதுவது சுகம், பிரதி எடுத்துத் திரிவதுதான் ஓட்டத்தை விடத் தூரம். மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல், அது முடியட்டும் வாங்கோ என்றார்கள். நியாயம்தான். இந்த நேரத்தில் வீதியில் நூறு பேர் ஒரே நிறச் சட்டையோடு ஓடினால் எந்தக் கட்சி என்றுதான் கேட்பார்கள். நிறம் தெரிவு செய்வதே பெரும்பாடு: பச்சை ஒரு கட்சி, நீலம் ஒரு கட்சி, சிவப்பு ஒன்று, மஞ்சள் ஒன்று. கடைசியில் சாம்பல். சாம்பல் வேண்டாம் என்று அம்மா சொன்னார், காரணம் சொல்லத் தேவையில்லை. வெள்ளை.

ஏப்ரல் 15

நேற்று வருஷப் பிறப்பு. மாமா வீட்டில் கைவிசேஷம். வெற்றிலைக்குள் காசை வைத்து நீட்டினார். வாங்கினேன். காசை எடுத்து வெற்றிலையை என்ன செய்வது என்று தெரியாமல் ஐந்து நிமிஷம் கையிலேயே வைத்திருந்தேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். வெற்றிலையை எதிரியாக்கினால் எங்கள் சனம் கேட்காது. கல்யாணத்துக்கு அது வேண்டும், கோயிலுக்கு வேண்டும், செத்த வீட்டுக்கும் வேண்டும். இலைதான் குற்றவாளி என்றும் இல்லை. பாக்குத்தான், புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம். புகையிலை போடாமல் வெறும் பாக்கு மட்டும் மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் இருக்கிறது. "நான் புகையிலை போடுறல்ல, பாக்கு மட்டும்தான்" என்று பெருமையாகச் சொல்லுகிற ஆக்கள் எங்கள் ஊரில் எத்தனை பேர். அப்பாவும் கடைசி இரண்டு வருஷம் அப்படித்தான் சொன்னார்.

ஆகவே தட்டத்தில் வெற்றிலை இருக்கட்டும், வாய்க்குள் போகவேண்டாம். இப்படி ஒரு சமாதானத்துக்கு நான் வந்திருக்கிறேன்.

மே 11

அனுசரணைக் கதைகள்.

ஒரு கடைக்காரர் முழு ரீசேட்டுக்கும் காசு தருகிறேன் என்றார். முன்னால் அவர் கடைப் பெயர், பின்னால் அப்பாவின் பெயர். ஓடுகிறவனைப் பின்னால் வருகிறவன்தானே பார்ப்பான், அப்பாவுக்குத்தான் கூடிய ஆக்கள் என்று வாதாடினார். நல்ல மூளை.

இன்னொருவர் ஐம்பது ரீசேட் தருகிறேன், வெளிச்சவீட்டடியில் ஒரு சின்னக் கடை போட விடுங்கள் என்றார். என்ன கடை என்று கேட்டேன். பீடாவாம்.

மே 29

இதை எழுதுவதா விடுவதா என்று இரண்டு கிழமை யோசித்தேன்.

நானும் வெற்றிலை போடுகிறவன். பத்தொன்பது வயதில் வாடிக் காவலுக்கு அப்பாவோடு போகத் தொடங்கியதில் இருந்து. அவர்தான் மடித்துத் தந்தார், அன்பாகத்தான் தந்தார். நல்ல இருட்டு, யானை வரும் என்ற பயம், தகப்பன் தன் பெட்டியில் இருந்து எடுத்து மகனுக்கு ஒன்று மடித்துக் குடுக்கிறார். பெரிய ஆளாகிவிட்டேன் என்று நினைத்தேன். அவர் செத்து முப்பத்தோராம் நாள் முடிந்து எல்லாரும் போன பிறகு பின்னால் கிணற்றடியில் நின்று ஒரு வாய் போட்டேன். அதற்குப் பிறகு கிழமைக்கு இரண்டு, மூன்று. வீட்டில் தெரியாது. இதை என் மனைவி வாசித்தால் தெரியும்.

மார்ச்சில் ஒருவரும் அந்த வாய்க்குள் பார்க்கவில்லை என்று பெரிதாக எழுதினேனே. என் வாய்க்குள்ளும் நான் பார்க்கவில்லை.

மே 30

வாசித்துவிட்டாள்.

ஜூன் 15

நல்ல செய்தி. பல் வைத்தியர் ஒருவர் ஓட்டத்துக்கு வருகிறேன் என்றார், கூடவே இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. ஓட அல்ல, வெளிச்சவீட்டடியில் ஒரு கூடாரம், நாலு கதிரை, டோர்ச் லைட். வந்தவர்கள் விரும்பினால் வாயைத் திறந்து காட்டலாம்.

அவர் என்னிடம் முதலில் கேட்டது, "மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி முன்பல்லுக்கு நடுவில வையுங்க." நடு மூன்று விரல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்படி. உங்கள் விரல்தான், மற்றவருடையது இல்லை. போகவேண்டும். பாக்கு மெல்லுகிறவருக்குக் கன்னத்துத் தோலுக்குக் கீழே நார் கட்டி இறுகிக்கொண்டு வரும், வாய் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டும். அதற்கும் முதல் தெரிவது எரிவு. சாதாரண உறைப்பே நெருப்பாக இருக்கும்.

"உறைப்புக் கூடிப்போச்சு எண்டு சொல்லுவாங்க" என்றார். நான் எழும்பி வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

எனக்கு மூன்று விரலும் போனது. ஆனாலும் வலது கன்னத்தில் வெள்ளையாக ஒரு இடம், ஒரு மாதத்தில் திரும்பிக் காட்டச் சொன்னார், அதுவரை ஒன்றும் போடக்கூடாது. ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ இரண்டு, மூன்று கிழமைக்கு மேல் நின்றால் பார்க்கவேண்டும், நோகாவிட்டாலும். நோகாமல் இருப்பதுதான் கள்ளம் என்றார்.

திகதியும் அவர்தான் மாற்றினார். ஜூலை 27 உலகத் தலை, கழுத்துப் புற்றுநோய் நாளாம், இந்த முறை ஞாயிற்றுக்கிழமையில் விழுகிறது. ஆடி அமாவாசை 24, அன்று மாமாங்கத் தீர்த்தம். அமிர்தகழிப் பக்கம் சனம் கலைந்து மூன்று நாள் இருக்கும். சரி என்றேன்.

ஜூலை 8

ரீசேட் வந்தது. இருநூறு. பின்னால் பெரிய எழுத்தில் "நினைவு ஒட்டம்". ஓ இல்லை, ஒ. ஒரு சுழி. ஒப்பம் வைத்தவன் நான். தம்பி தரையில் உட்கார்ந்து சிரித்தான். திருப்பி அடிக்கக் காசு இல்லை. அம்மா கறுப்பு மாக்கர் வாங்கிவந்து ஒவ்வொன்றாகச் சுழி போட்டுக்கொண்டிருக்கிறார். இப்போது 64 முடிந்தது. ஒவ்வொரு சுழியும் ஒவ்வொரு விதம். கண்ணாடி போடாமல் போட்டவை கொம்பு மாதிரி இருக்கின்றன.

இந்த நாட்களில் கச்சான் காற்று அடிக்கிறது. பத்து மணிக்கு வீதியில் நின்றால் முகம் தீயும். ஆரம்பம் காலை 5.30.

ஜூலை 24

விரதம். தகப்பன் இல்லாதவன் பிடிக்கிற விரதம், எனக்கு இது முதல் ஆடி அமாவாசை. விடிய மாமாங்கக் குளத்தில் தீர்த்தமாடினேன். சனத்துக்குள் தண்ணீரைக் காணவில்லை. வீட்டில் காத்தோட்டிக்காய் சமைத்திருந்தார்கள். கசப்பு. அம்மா தூள் போட்டிருந்தார், பழைய அளவில். ஒன்றரை வருஷமாக ஒருவரும் சொல்லாமலே எங்கள் வீட்டில் உறைப்பு இல்லாமல்தான் இருந்தது, இன்றுதான் கவனித்தேன்.

ஜூலை 27

முடிந்தது. கால் இல்லை. நாளைக்கு.

ஜூலை 28

காந்தி பூங்காவில் நாலே முக்காலுக்குப் போனேன், மாமா எனக்கு முதல் வந்து நின்றார். சாரம், வெள்ளை ரீசேட், தோளில் துவாய். "ஓட வரல்ல, சும்மா பார்க்க வந்தனான்" என்றார். வாவிப் பக்கம் இருட்டு, யாரோ தோணியில் வலை இழுக்கிற சத்தம். எண்பது பேர் வந்தால் போதும் என்று இருந்தேன். ரீசேட் இருநூறும் முடிந்து மிச்சப் பேர் தங்கள் சட்டையோடு நின்றார்கள். காத்தான்குடியில் இருந்து ஒரு உதைபந்தாட்டக் கழகம் முழுதாக வந்திருந்தது. அவர்களுக்கும் இந்த நோயில் ஒரு பயிற்றுநர் போயிருக்கிறார், அவர் படத்தைத் தங்கள் சட்டையில் குத்தியிருந்தார்கள். பிறகு பார்த்தால் எத்தனையோ பேர் ஒவ்வொரு படம் வைத்திருந்தார்கள். ஒரு அம்மா அடையாள அட்டைப் படத்தையே ஊசியால் குத்தியிருந்தார். இது அப்பாவின் ஓட்டம் என்று நான் பதாகை அடித்தேன், அங்கே முப்பது நாற்பது அப்பாமார் ஓடினார்கள்.

பெடியன்கள் அரை மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் ஓடி, நடந்து, ஓடி. பாதி வழியில் மூச்சு வாங்கி நின்றபோது மாமா என்னைக் கடந்து போனார். பார்க்க வந்தவர். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார், வயல்காரன் நடை, அந்த நடைக்குக் களைப்பே தெரியாது. "வா மருமகன்" என்று சொல்லிவிட்டுப் போனார், நிற்கவில்லை.

வழியில் இரண்டு வீட்டார் நாங்கள் கேட்காமலே கேற்றடியில் மேசை போட்டுத் தேசிக்காய்த் தண்ணியும் தோடம்பழமும் வைத்திருந்தார்கள். ஒரு மேசையில் கடதாசியில் ஒரு பெயர் எழுதியிருந்தது. யார் என்று கேட்கவில்லை.

வெளிச்சவீடு 1913இல் கட்டியது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அப்பாதான் முதல் தரம் என்னை இங்கே கூட்டிவந்தார் என்று பேச எழுதிவைத்திருந்தேன். பேசவில்லை. ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை (ஒலிபெருக்கிக் காசு திரும்பி வந்தது, அதுவும் குறித்துக்கொள்ளவும்).

கூடாரத்தடியில் முதல் இருபது நிமிஷம் ஒருவரும் இல்லை. ஓடுவான், நடப்பான், காசு தருவான், வாயை மட்டும் திறக்கமாட்டான். வெட்கம். சிவந்த பல்லைப் படித்த ஆளுக்கு முன்னால் காட்டுவது என்றால் வெட்கம்தான். கடைசியில் நான் போய்க் கதிரையில் உட்கார்ந்து எல்லாரும் பார்க்க வாயைத் திறந்தேன். வைத்தியர் டோர்ச் அடித்து, கன்னத்தை விரலால் தள்ளி, சத்தமாகச் சொன்னார்: "வெள்ளை குறைஞ்சிருக்கு. போடறல்லயா இப்ப?" ஆறு கிழமையாக இல்லை என்றேன். என் மனைவி அங்கே நின்றாள். பிறகு வரிசை வந்தது.

86 பேர் காட்டினார்கள். ஏழு பேருக்கு ஆஸ்பத்திரிக்குத் துண்டு எழுதிக் குடுத்தார். ஒரு பெண்பிள்ளை, இருபத்தைந்துகூட இராது, இரண்டு விரல்தான் போனது. இனிப்புப் பாக்குப் பக்கெட், பள்ளிக்கூடக் காலத்தில் இருந்தாம்.

மாமா வரிசைக்கு வரவில்லை. கடற்கரைப் பக்கம் திரும்பி நின்று இளநீர் குடித்தார்.

ஆகஸ்ட் 3

கணக்கு. கேட்டவர் இன்னும் இருக்கிறாரா தெரியவில்லை, இருந்தாலும் போடுகிறேன். வரவு 384,000 ரூபாய், அதில் மச்சாளும் அவள் சிநேகிதிகளும் அனுப்பியது பாதிக்குக் கிட்ட. செலவு 131,500: ரீசேட், தண்ணீர், கூடாரம், பதாகை, மாக்கர் ஆறு. மிச்சம் 252,500. போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு வருகிற படுவான்கரை ஆக்களில் பதினொரு பேருக்குப் பஸ் காசாகவும் மாவாகவும் போய்க்கொண்டிருக்கிறது. காசாகக் குடுப்பதை விட மாவை வாங்கிக் குடுப்பது நல்லது என்று இரண்டாவது ஆளோடு படித்தோம்.

ரீசேட் அடிக்காமல் விட்டிருந்தால் இன்னும் எண்பதாயிரம் மிச்சம் வந்திருக்கும். நீங்கள் சொன்னது இதில் சரி. அடுத்த முறை ரீசேட் இல்லை, படத்தைக் குத்திக்கொண்டு வரட்டும்.

திவசம் நேற்று நடந்தது. அன்னதானமும் நடந்தது. வந்தவர்களுக்குத் தட்டத்தில் வெற்றிலை வைத்தோம், பாக்கு வைக்கவில்லை. இரண்டு பேர் கேட்டார்கள். ஒருவர் கோபித்துக்கொண்டு போனார்.

ஆகஸ்ட் 16

போன கிழமை இரவு பத்து மணிக்கு மாமா போன் எடுத்தார். அந்தக் கிளினிக் எந்த நாள் என்று கேட்டார். "ஒரு ஆளுக்குக் கேட்கிறன்."

"ஆளுக்கு எத்தனை விரல் போகுது மாமா?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "ஒண்டரை."

கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே ஒரு சின்னத் துண்டு வெட்டிச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவுக்கு இன்னும் இரண்டு கிழமை. திரும்பி பஸ்ஸில் வரும்போது பஞ்சை வாயில் கடித்தபடி ஒன்றும் பேசவில்லை. மண்முனைப் பாலத்தில் பஸ் ஏறியதும் வாவியைப் பார்த்தார். பாலம் 2014இல்தான் வந்தது. அதற்கு முன் பாதை என்கிற மிதவையில்தான் கடக்கவேண்டும், அப்பாவும் மாமாவும் நெல்லு மூட்டையோடு பாதைக்குக் காத்து நின்ற கதைகள் எங்கள் வீட்டில் நிறைய. இன்றைக்கு ஒரு கதையும் வரவில்லை.

பாலம் முடிகிற இடத்தில் மடியில் இருந்து கொட்டைப் பெட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார். பிறகு கையை இழுத்தார். பஞ்சை எடுத்துவிட்டுச் சொன்னார், "உன்னட்டத் தாறதுதான் பயமாக் கிடக்கு."

தந்துவிட்டார். பெட்டி இப்போது என் மேசை லாச்சிக்குள். உள்ளே பாக்கு மூன்று, புகையிலை ஒரு முறி. சுண்ணாம்பு காய்ந்துவிட்டது.